எடை

ஓல்ட்டென் ரயில் நிலையத்துக்குப் பின்னால்
மூன்றாம் மாடியில் எங்கள் கொம்பனி.
கட்டில் விரிப்புகள் விற்கிறோம்.
தலையணை உறை, துவாய், மேசைத் துணியும் உண்டு.
ஒரு விரிப்பும் இங்கே இல்லை.
களஞ்சியம் என்பது எக்செலில் ஒரு தாள்:
வெள்ளை இரட்டை, 1,140.
நேற்று 1,200 இருந்தது.
அறுபதை
சூரிச்சில் உள்ள இன்னொரு இல்லாத கடைக்கு
இல்லாத லொறியில் அனுப்பினேன்.
படிவம் லொறியின் இலக்கம் கேட்டது.
அண்ணனின் வான் இலக்கத்தைப் போட்டேன்.

ராவ் அலுவலகம் அனுப்பிய பதினான்கு பேர்.
எல்லோருக்கும் பதவி உண்டு.
தெஸ்ஃபாய் கொள்முதல். லூர்தெஸ் வரவேற்பு.
முப்பத்தொரு வருடம் அச்சகத்தில் நின்று
அது மூடிய பிறகு வந்த பேயாட், கணக்காளர்.
ஒரு விரலால் தட்டுவார்,
பிழைத்தால் கணினியிடம் மன்னிப்புக் கேட்பார்.
நான், பாமதி, விற்பனை.
மாத முடிவில் சம்பளச் சீட்டு வரும்,
ஓய்வூதியம் கழித்து, விபத்துக் காப்புறுதி கழித்து,
ஒரு ராப்பன் பிசகாமல்.
அதைக் கொண்டு ஒரு றாத்தல் பாண் வாங்க முடியாது.

நாற்பத்தாறு வயதில்
மண்சோறு ஆக்கி விளையாடுகிறேன் என்று
அக்காவுக்குச் சொன்னேன்.
கறி என்ன என்று கேட்டாள்.

பணம் கட்டாத பாசல் கடை ஒன்றுக்கு
மானுங் எழுதச் சொன்னா திருமதி சும்ஸ்டைன்.
எல்லோரும் மாதிரிக் கடிதம் தேடினார்கள்.
எனக்குத் தேவைப்படவில்லை.
வீட்டு லாச்சியில் ஒரு கட்டே கிடக்கிறது:
பல் வைத்தியர், தொலைபேசி, மகனின் ரயில் தண்டம்.
முதலாவதில் ‘ஒருவேளை மறந்திருப்பீர்கள்’ என்பார்கள்.
இரண்டாவதில் திகதி தடித்த எழுத்தில் நிற்கும்.
மூன்றாவதில் உறவு முறிந்துவிடும்,
இருபது பிராங் கூடும்.
மூன்றையும் அடித்துக் கொடுத்தேன்,
எழுத்தின் தலையில் வைக்கும் இரட்டைப் புள்ளிகளும் தப்பாமல்.
‘எங்கே படித்தீர்கள்?’
வாங்கிப் படித்தேன் என்றேன்.

பின்னேரங்களில் நிஜமான விண்ணப்பங்கள்.
மாதம் பத்து, சட்டம்.
நிஜமான பதில்கள் மூன்று.
மூன்றிலும் என் எதிர்காலத்துக்கு வாழ்த்து.

பிறகு விலைப்பட்டியல் என் கைக்கு வந்தது.
வெள்ளை இரட்டை, பருத்தி, 240க்கு 260,
எடை 400 கிராம்.

கை நின்றுவிட்டது.

ஆஸ்பத்திரி லொண்ட்ரியில் பதினாறு வருடம்.
மெஷினின் வாயிலிருந்து இழுத்து, உதறி,
மறுமுனையை இன்னொருத்தி பிடிக்க
மூலைக்கு மூலை வைத்து
அடுத்தது, அடுத்தது.
எத்தனை என்று நான் எண்ணவில்லை.
வலது தோள் எண்ணி வைத்திருந்தது.
படம் எடுத்துப் பார்த்த டாக்டர்
அதை எனக்கு வாசித்துக் காட்டினார்.
நானூறு என்றால்
இன்றைக்கும் எனக்கு வேலை இருந்திருக்கும்.

‘சும்மா ஓர் எண்தானே’ என்றான் தெஸ்ஃபாய்.
சும்ஸ்டைன் என் முகத்தைப் பார்த்தா,
திரையைப் பார்த்தா,
திருத்துங்கள் என்றா.
870 என்று அடித்தேன்.
அனுப்பும் செலவு தானாக ஏறியது.
லாபம் தானாக இறங்கியது.
பேயாட் நெஞ்சில் கை வைத்தார், சொந்தக் காசு போல.

வியாழக்கிழமை கூர் நகரத்திலிருந்து ஓடர்.
அங்கேயும் எங்களைப் போல ஒரு கொம்பனி,
விருந்தாளி இல்லாத ஹோட்டல் நடத்துகிறார்கள்.
வெள்ளை இரட்டை, நாற்பது.
குறிப்பு என்று ஒரு கட்டம் உண்டு,
யாரும் நிரப்புவதில்லை.
அதில் ஜெர்மனில், இலக்கணம் என்னுடையதைப் போல நொண்ட:
‘எடை சரியாக எழுதிய பட்டியல் முதல் தடவை பார்க்கிறேன்.
தாவோஸில் ஒன்பது வருடம் அறை செய்தேன்.
யொவான்கா, கொள்முதல்.’

களஞ்சியத்தில் நாற்பதைக் கழித்தேன்.
1,100.
பிறகு, படிப்பித்த முறைப்படி,
இடது ஓரத்தில் முகவரி, வலது ஓரத்தில் திகதி:

மதிப்புக்குரிய திருமதி யொவான்கா,
உங்கள் ஓடருக்கு நன்றி.
குறிப்பிட்டிருப்பது காய்ந்த எடை.
ஈர எடை
உங்களுக்குத் தெரியும்.